சித்தப்பா மெய்ட் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், அவரை யாரும் தள்ளவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பரந்தன் சந்தி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் தம்பி ஸ்காபரோவில் இருக்கிறார், தொண்ணூறுகளில் போனவர். போன வருடம் அவருக்கு ஏஎல்எஸ் என்று சொன்னார்கள், தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு போகிற வருத்தம். முதலில் கை போனது, இப்போது நடக்கமுடியாது, பேச்சுக் குழறுகிறது, ஆனால் புத்தி முழுத் தெளிவு. அவர் இப்போது மெய்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். கனடாவில் நோயாளி கேட்டால் டொக்டரே ஊசி போட்டு உயிரை முடித்துவைக்கிற சட்டம் இருக்கிறதே, அதுதான். இரண்டு டொக்டர்மார் பார்த்து, தகுதி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். திகதி இன்னும் குறிக்கவில்லை.

பாவமா புண்ணியமா என்று நான் கேட்க வரவில்லை. அதை வீட்டில் எல்லாரும் கதைத்துக் களைத்துவிட்டார்கள். அப்பா அழுகிறார், மாமா அவருடைய உயிர் அவருடைய விருப்பம் என்கிறார், அப்பாச்சிக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு நித்திரை வராமல் இருப்பது வேறு ஒன்றால். வீடியோவில் பேசும்போதெல்லாம் சித்தப்பா சொல்வது ஒரே வசனம்தான், பிள்ளைகளுக்குப் பாரமாகக் கிடக்கக்கூடாது. நோகிறது என்றோ மூச்சு முட்டுகிறது என்றோ அவர் சொல்லி நான் கேட்கவில்லை. அவருடைய மகன், எனக்குத் தம்பி, இரண்டு வேலை செய்கிறான், மகள், எனக்குத் தங்கச்சி, தன் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்க்கிறாள், வீட்டுக் கடன் வேறு. இரண்டு பேரும் தங்கமான பிள்ளைகள், அவர்களில் நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் டொக்டர் வந்தபோது மொழிபெயர்த்தது தம்பிதான் என்று கேள்விப்பட்டதில் இருந்து மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பெற்ற மகன் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல, எனக்குப் பயமாக இருக்கிறது, கொஞ்சம் பொறுப்போம் என்று எந்தத் தகப்பன் சொல்லுவார்?

இதையெல்லாம் அங்கே யார் பார்க்கிறார்கள்? உண்மையிலேயே பார்க்கிறார்களா, இல்லை கையெழுத்துச் சரியாக இருந்தால் காணுமா?

இன்னொன்றும் இருக்கிறது. கிளிநொச்சியில் நாங்கள் சில பேர் கூடிக் கதைக்கும்போது, இப்படி ஒரு சட்டம் இங்கேயும் வரவேண்டும், வன்னியில் எத்தனை பேர் பாயோடு பாயாகக் கிடந்து துன்பப்படுகிறார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு ஏன் அதைக் கேட்க நெஞ்சு இடித்தது என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வட்டக்கச்சி ஸ்காபரோ எழுதியது:

தம்பி, நான் இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன். குளிப்பாட்டுவது, உணவு ஊட்டுவது, புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது, இதுதான் என் வேலை. மெய்ட் எடுத்தவர்கள் சிலருக்கு அந்த நாள் காலையிலும் நான்தான் தலை இழுத்துவிட்டிருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்த நடைமுறையைச் சொல்கிறேன்.

2015இல் உச்ச நீதிமன்றம் கார்ட்டர் வழக்கில், சாவதற்கு டொக்டர் உதவக்கூடாது என்ற பழைய தடை செல்லாது என்று சொன்னது, 2016 ஜூனில் சட்டம் வந்தது. கேட்கிறவருக்கு 18 வயது ஆகியிருக்கவேண்டும், முடிவெடுக்கும் தெளிவு இருக்கவேண்டும், அவரே கேட்கவேண்டும். மனைவியோ பிள்ளையோ அவருக்காகக் கேட்கமுடியாது. எழுத்தில் கொடுத்து, சுயாதீனமான ஒரு சாட்சிக்கு முன்னால் கையெழுத்து வைக்கவேண்டும், அவருடைய உயிலால் தனக்கு நன்மை வரும் என்று தெரிந்தவர் சாட்சி நிற்கக்கூடாது. சித்தப்பாவுக்குக் கை எழும்பாது என்கிறீர்கள், அப்படியானவர்களுக்கு இன்னொருவர் அவர் சொல்ல அவர் முன்னாலேயே வைக்கலாம், அந்த ஆளும் நன்மை பெறுகிறவராக இருக்கக்கூடாது. பிறகு ஒருவருக்கு ஒருவர் சம்பந்தமில்லாத இரண்டு டொக்டர்மார், அல்லது நேர்ஸ் பிரக்டிஷனர்மார், தனித்தனியே மதிப்பிடவேண்டும். வெளி நெருக்குதலால் கேட்கவில்லை என்பதும் அவர்கள் உறுதிசெய்யவேண்டியவற்றில் ஒன்று.

2021 மார்ச்சில் சட்டத்தை மாற்றினார்கள், அதற்குப் பிறகு இரண்டு பாதை. இறப்பு எப்படியும் கிட்டத்தில் வரும் என்று சொல்லக்கூடிய வருத்தம் என்றால் முதலாவது, ஏஎல்எஸ் பெரும்பாலும் அதில்தான் வரும். அதில் முன்பு பத்து நாள் பொறுக்கவேண்டும் என்று இருந்தது, இப்போது அது இல்லை. இறப்பு கிட்டத்தில் இல்லாதவர்களுக்கு இரண்டாவது, அதில் மதிப்பீட்டுக்குக் குறைந்தது 90 நாள் எடுக்கவேண்டும். பேப்பரில் பெரிதாக வருகிற கதைகள் அநேகமாக இந்த இரண்டாவது பாதைக் கதைகள். 2023இல் கனடாவில் மெய்ட் எடுத்தவர்கள் 15,343 பேர், அந்த வருடம் இறந்தவர்களில் 4.7 சதவீதம். இரண்டாவது பாதையில் போனவர்கள் 622 பேர்தான்.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் உங்கள் பயம் சரியானது. கதைக்கக் கஷ்டப்படுகிறவருக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லவும், அவர் மனதில் உள்ளதை அவரே சொல்லவும் நம்பகமான வழி செய்துகொடுக்கவேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஸ்காபரோவில் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் இல்லாத அறையில், வெளியாள் ஒருவர் மொழிபெயர்க்க, இன்னொரு முறை கதைக்கவேண்டும் என்று சித்தப்பா கேட்கலாம், தங்கச்சி கூட அவருக்காகக் கேட்டுவைக்கலாம். அதை ஒருவரும் தப்பாக எடுக்கமாட்டார்கள்.

ஆனால் பாரம் என்று சொன்னதை மட்டும் வைத்து அவரைத் தள்ளுகிறார்கள் என்று முடிவுகட்டவேண்டாம். அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் 1997இல் இருந்து இப்படி ஒரு சட்டம் இருக்கிறது, ஏன் கேட்டார்கள் என்று டொக்டர்மார் எழுதிக்கொடுப்பதை வருடாவருடம் வெளியிடுகிறார்கள். அதில் முன்னுக்கு நிற்பது நோவு அல்ல. தன் காரியத்தைத் தானே பார்க்கமுடியாமல் போவது, பிடித்ததைச் செய்யமுடியாமல் போவது, மரியாதை போவது, இவைதான். பாரமாகிவிடுவோம் என்று சொன்னவர்களும் நிறைய. முப்பது வருடம் தொழிற்சாலையில் நின்று குடும்பத்தைத் தூக்கிவிட்ட மனிதர் தன்னைத் தூக்கவேண்டி வந்துவிட்டதே என்று நினைப்பது அவருடைய சொந்த நினைப்பாகவும் இருக்கலாம்.

சில்லுவண்டி எழுதியது:

அக்கா சொன்ன நடைமுறை எல்லாம் சரியாக இருக்கலாம். ஆனால் அந்த ஒரிகன் காரணங்களைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். தன் காரியத்தைத் தானே பார்க்கமுடியாது, பிடித்ததைச் செய்யமுடியாது, மற்றவர் கையில் இருக்கவேண்டும். இது என்னுடைய வாழ்க்கை. எனக்கு 2009 ஏப்ரலில் மாத்தளனில் ஷெல் துண்டு முள்ளந்தண்டில் ஏறியது, செஞ்சிலுவைக் கப்பலில் புல்மோட்டைக்குக் கொண்டுவந்தார்கள், இடுப்புக்குக் கீழே அன்று போனது போனதுதான். இந்த நாட்டில் என்னைப் போல எத்தனை பேர். ஒரு அரசாங்கம் இந்த நிலைமையைச் சாவதற்கான காரணமாக எழுதி, அதற்குப் படிவமும் அடித்து வைத்தால், அதே நிலைமையில் உயிரோடு இருக்கிறவனைப் பார்த்து அது என்ன சொல்கிறது?

முதல் வருடம் நான் ஒவ்வொரு நாளும் சாகத்தான் நினைத்தேன். படுக்கைப்புண் எலும்பு வரைக்கும் போய்விட்டது, மணம் எனக்கே தாங்காது, அம்மா சீலைத் துணி கிழித்துக் கட்டுவார். அந்த நேரம் யாராவது படிவம் கொண்டுவந்திருந்தால் வைத்திருப்பேன் கையெழுத்து. இரண்டு டொக்டர் இல்லை, இருபது டொக்டர் வந்து கேட்டிருந்தாலும் தெளிவாகத்தான் பதில் சொல்லியிருப்பேன். ஒருவரும் என்னைத் தள்ளவில்லை. சாட்சியும் சுத்தமான சாட்சியாக இருந்திருக்கும். எல்லாப் பாதுகாப்பையும் நான் தாண்டியிருப்பேன், அதைத்தான் சொல்லவருகிறேன்.

மாற்றியது என்ன என்று கேட்டால், புண் ஆறியது. சலக்குழாயை நானே மாற்றப் பழகினேன். என் உடம்புக்கு அளவான சில்லுவண்டி கிடைத்தது. வாசலில் படிக்குப் பதிலாகச் சரிவுப் பாதை போட்டார்கள். என்னைப் போல முள்ளந்தண்டு அடிபட்ட ஆட்களே சேர்ந்து நடத்துகிற இடத்துக்குப் போய், எனக்கு மேலே கழுத்தில் அடிபட்டவன் கடை வைத்திருப்பதைப் பார்த்தேன். ஒன்றுமே மருந்து இல்லை. இதெல்லாம் கிடைக்காத ஒருவனிடம் போய் உனக்கு வாழ விருப்பமா சாக விருப்பமா என்று கேட்டுவிட்டு அவன் பதிலைச் சுயவிருப்பம் என்று எழுதினால் அது நியாயமா?

கனடாவிலும் இது வெறும் பயம் இல்லை. 2022இல் அங்கே முன்னாள் படைவீரர்களுக்கான திணைக்களத்தில் உதவி கேட்டுப் போனவரிடம் ஊழியர் ஒருவர் மெய்ட்டைப் பற்றிச் சொன்னது வெளியே வந்து பெரிய பிரச்சினையானது. 2025 மார்ச்சில் ஐநாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு, இந்த இரண்டாவது பாதையை எடுத்துவிடுங்கள் என்றே கனடாவுக்குச் சொன்னது. 622 பேர்தான் என்கிறீர்கள் அக்கா. அந்த 622இல் எத்தனை பேருக்குச் சரிவுப் பாதை கிடைத்திருந்தது?

வட்டக்கச்சி ஸ்காபரோ எழுதியது:

தம்பி சில்லுவண்டி, இரண்டாவது பாதை பற்றி நீங்கள் எழுதியதில் பெரும்பகுதியை நானும் ஒத்துக்கொள்கிறேன். இங்கே வாடகை கட்டமுடியாமல், வீட்டுக்கு வரும் உதவியாளருக்காகக் காத்திருந்து களைத்தவர்களை நானும் பார்க்கிறேன். சேவைகள் இருக்கின்றன என்று அவர்களுக்குச் சொல்லவேண்டும், சந்திக்க ஒழுங்கு செய்து தரவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. கிடைக்கும் வரைக்கும் நிற்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. அது பெரிய ஓட்டை.

ஆனால் உங்கள் காயம் ஒரு இடத்தில் நின்றது. சித்தப்பாவின் வருத்தம் நிற்காது. கை, கால், தொண்டை, பிறகு மூச்சு. இந்த வருத்தம் வந்தவர்களில் அதிகம் பேர் சில வருடங்களுக்கு மேல் இருப்பதில்லை. எல்லா வசதியும் உள்ள வீட்டில், பிள்ளைகள் சுற்றி நிற்க, தெளிவான புத்தியோடு இது எனக்குக் காணும் என்று ஒருவர் சொல்லும்போது, வசதி இல்லாத வேறொருவருக்கு ஆபத்து என்பதற்காக இவரைக் கடைசி மூச்சு வரைக்கும் பிடித்துவைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இப்படிக் கேட்டுக் கிடைத்தவரையும் பார்த்தேன், கேட்டும் காலம் பிந்திக் கிடைக்காமல் போனவரையும் பார்த்தேன். இரண்டாமவரின் மனைவியின் முகம் எனக்கு மறக்காது.

மல்லாவி மிஸ்ஸி எழுதியது:

நான் இங்கே வன்னியில் ஆஸ்பத்திரி ஒன்றில் நேர்ஸ். இரண்டு பேரும் சொல்வது எனக்கு விளங்குகிறது. ஆனால் பரந்தன் தம்பி ஆரம்பத்திலேயே ஒன்று எழுதினார், அதை எல்லாரும் தாண்டிவிட்டீர்கள். நோகிறது என்றோ மூச்சு முட்டுகிறது என்றோ சித்தப்பா சொல்லவில்லை என்று. அப்படியென்றால் அவர் இன்றைக்குப் படும் துன்பத்தால் கேட்கவில்லை, இனி வரப்போவதை நினைத்துக் கேட்கிறார். வரப்போவது என்ன என்று அவருக்கு யார், எப்படிச் சொன்னார்கள்? ஏஎல்எஸ் என்றால் விக்கித் திணறிச் சாகவேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நல்ல பராமரிப்பு இருந்தால் அப்படி முடிவது அரிது. மூச்சு உதவி முகமூடி இருக்கிறது, மூச்சுத் திணறலுக்குச் சின்ன அளவில் மோர்பின் நன்றாக வேலைசெய்யும், கடைசி நாட்களில் அநேகம் பேர் மயக்கத்திலேயே அமைதியாகப் போவார்கள். நோவு தணிக்கும் பராமரிப்புக் குழு ஒன்று இதையெல்லாம் ஆறுதலாக இருந்து அவருக்குத் தமிழில் சொல்லியிருக்கிறதா என்று கேளுங்கள். சொன்ன பிறகும் அவர் இதுதான் வேண்டும் என்றால் அது வேறு கதை. என் கவலை, மெய்ட்டைப் பற்றி விவரமாகச் சொன்னவர்கள் மற்றதை ஒரு வசனத்தில் முடித்திருப்பார்களோ என்பது.

இனி வன்னி விஷயம். தம்பி, உங்களுக்கு ஏன் நெஞ்சு இடித்தது என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

இங்கே என்னைக் கொண்டுபோ கடவுளே என்று சொல்லாத வயோதிபர் இல்லை. அப்படிச் சொல்கிறவரின் கட்டிலில் இருந்து நான் கேட்பது ஒன்றுதான், ஐயா இன்றைக்கு எது பெரிய கஷ்டம்? ஒருவர் வயிற்றால் போய்க் கன நாள் என்பார், அதைச் சரிசெய்தால் அடுத்த நாள் தேத்தண்ணி கேட்பார். ஒருவருக்குப் புண். ஒருவருக்கு மகள் வந்து மாதக் கணக்கு. புற்றுநோய்க்காரர் என்றால் இரவு நோவு. மோர்பின் எழுதிக் கொடுத்தாலும் வீட்டில் கொடுக்கப் பயப்படுவார்கள், அது கடைசி மருந்து, அதைக் கொடுத்தால் ஆள் போய்விடும், இல்லாவிட்டால் பழகிப்போகும் என்று. நோவு வந்த பிறகு கொடுப்பார்கள், முதலே நேரத்துக்குக் கொடுக்கவேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. முல்லைத்தீவுப் பக்கத்தில் இருந்து புற்றுநோய் கிளினிக்குக்குத் தெல்லிப்பழைக்குப் போவது என்றால், இருக்கமுடியாத நோவோடு பஸ் மாறி மாறிப் பரந்தனுக்கு வந்து ஏ9 ஏறவேண்டும். போய்வந்த களைப்பில் இனிமேல் வேண்டாம் என்று அவர் சொல்கிறார். அது சாக விருப்பமா, பஸ்ஸில் ஏற விருப்பமில்லையா?

இந்த நிலைமையில் அந்தச் சட்டம் இங்கே வந்தால், வேறு வழிகளை நோயாளிக்குச் சொன்னீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்று போடலாம், சொல்லத்தான் முடியும், கொடுக்கமுடியாது. கேரளாவில் பாருங்கள், எங்களை விடப் பணக்கார இடம் என்று ஒன்றும் இல்லை. மலப்புறம், கோழிக்கோடு பக்கத்தில் ஊர் ஆட்களே பயிற்சி எடுத்து, வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற ஒழுங்கை உண்டாக்கினார்கள், 2008இல் மாநில அரசு அதைக் கொள்கையாகவே எடுத்தது. மோர்பின் வில்லையும், புண் கட்டத் தெரிந்த அயலவரும், இரவு போன் எடுக்க ஒரு நேர்ஸும் இருந்தால் எவ்வளவோ நடக்கும். அது வந்த பிறகு அந்த நண்பர் திரும்பக் கேட்கட்டும், அன்றைக்கு நானும் இருந்து கதைக்கிறேன்.

பொறுக்கும் நாட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெய்ட்டும் தற்கொலையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, ஆனால் இந்த நாடு ஒன்றைக் கண்ணால் பார்த்தது. 1995 அளவில் ஒரு இலட்சம் பேருக்கு 47 என்ற கணக்கில் தற்கொலை நடந்த நாடு இது. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததும் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. அன்றைய இரவைத் தாண்டியவர்களில் பெரும்பாலானோர் பிறகு வாழ்ந்தார்கள். வாட்டில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். அதனால் பத்து நாளை எடுத்துவிட்டார்கள் என்று வாசித்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. (இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது மனம் இருண்டு கிடந்தால் இலங்கையில் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.)

குருமண்காடு எழுதியது:

சட்டம் படித்தவன் என்ற வகையில் கொஞ்சம்.

இலங்கையில் தற்கொலைக்கு முயற்சிப்பது குற்றமாக இருந்தது, 1998இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் தற்கொலைக்கு உடந்தையாக இருப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 299ஆம் பிரிவில் இன்னும் பாரதூரமான குற்றம். டொக்டருக்கும் அதில் விலக்கு இல்லை. இந்தியாவில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், குணமாகும் வாய்ப்பில்லாத நிலையில் மிசினில் போட்டு இழுக்கவேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று அனுமதித்தது, 2023இல் அந்த நடைமுறையை எளிதாக்கி, நீதவானுக்குப் பதிலாக நொத்தாரிசு அல்லது அரசாங்க அதிகாரி முன்னால் கையெழுத்து வைத்தால் காணும் என்றது. இங்கே அப்படித் தெளிவான ஒழுங்கு இல்லை. வன்னியில் ஏதாவது கேட்கவேண்டும் என்றால் முதலில் இதைக் கேட்கவேண்டும் என்பது என் கருத்து. ஐசியூவில் இருக்கும் அப்பாவை வைத்திருப்பதா விடுவதா என்று அண்ணன் தம்பி வாசலில் நின்று சண்டை பிடிப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

குடும்ப நெருக்குதலைப் பற்றிப் பேசும்போது எங்கள் தமிழ் ஆட்கள், வடக்கே பார்த்து உண்ணாமல் இருந்து உயிரை விடும் பழைய வழக்கமான வடக்கிருத்தலை எடுத்துவந்து நாங்கள் சாவை மதித்தவர்கள் என்று பெருமை பேசுவார்கள். தலைக்கூத்தலையும் சேர்த்துப் பேசவேண்டும். விருதுநகர்ப் பக்கத்தில் படுக்கையில் விழுந்த முதியவரை வீட்டாரே முடித்துவிடும் வழக்கம் 2010 அளவில் பத்திரிகைகளில் வெளிவந்தது. செய்தவர்கள் கொடியவர்கள் இல்லை, கூலி வேலைக்குப் போகவேண்டியவர்கள், ஊரும் அதைத் தப்பாகப் பார்க்கவில்லை. சில முதியவர்கள் சம்மதித்தும் இருக்கலாம். அந்தச் சம்மதத்தை எந்தச் சாட்சி அளப்பார்? காணி உறுதி யார் பேரில் இருக்கிறது என்பதும் அந்த வீட்டுக்குள்தான் இருக்கும். சட்டத்தில் உள்ள பாதுகாப்பு எல்லாம் கேள்வி கேட்கிற அறைக்குள் வேலை செய்கிறது. நெருக்குதல் பல மாதம் முதலே, சோறு போடும்போது முகம் எப்படி இருந்தது என்பதில் தொடங்கிவிடும்.

அதற்காகப் பாதுகாப்புகள் எல்லாம் ஒன்று என்றும் இல்லை. ஒரிகனில் டொக்டர் மருந்தை எழுதிக் கொடுப்பார், நோயாளி தானே குடிக்கவேண்டும். வாங்கினவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதைக் குடிப்பதே இல்லை, கையில் இருக்கிறது என்ற ஆறுதலே அவர்களுக்குக் காணும். கனடாவில் கிட்டத்தட்ட எல்லாமே ஊசிதான், திகதி குறித்து, டொக்டர் வீட்டுக்கு வந்துவிட்டால் வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2019இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, நோயாளி கேட்காமல் டொக்டர் இந்தக் கதையைத் தொடங்கக்கூடாது என்று வைத்தார்கள். எனக்கு அது பிடித்தது.

முன்கூட்டியே எழுதிவைக்கும் கோரிக்கையில்தான் எனக்குப் பெரிய பயம். நெதர்லாந்தில் 2016இல் நடந்தது: மறதிநோய் வந்த பெண் ஒருவர் முன்பு எழுதிவைத்திருந்தார், பிறகு அவருக்குக் கேட்டால் விளங்காத நிலை. டொக்டர் அவருடைய கோப்பியில் மயக்க மருந்து கலந்தார், ஊசி போடும்போது அவர் எழும்ப முயன்றார், குடும்பத்தினர் பிடித்துக்கொள்ள ஊசி போடப்பட்டது. டொக்டர் மீது வழக்கு வந்து 2019இல் விடுதலையானார், 2020இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது. தீர்ப்பு சட்டப்படி சரியாக இருக்கலாம். எழும்ப முயன்ற அந்த அம்மாவின் பேச்சை யார் கேட்டார்கள் என்ற கேள்வி எனக்குப் போகவில்லை.

பரந்தன் சந்தி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மிஸ்ஸி அக்கா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தங்கச்சியிடம் மொழிபெயர்ப்பாளர் பற்றியும் நோவு தணிக்கும் குழு பற்றியும் கேட்டோம். குழு ஒருமுறை வந்ததாம், ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார்களாம். வெளியாள் ஒருவர் மொழிபெயர்க்கத் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னாள், தம்பியும் கோபப்படவில்லை, தனக்கே அந்த நாள் முழுக்க நெஞ்சு அடைத்தது என்றான்.

குருமண்காடு அண்ணா எழுதியதைப் பார்த்து இப்போது ஒரு கேள்வி. சித்தப்பாவின் பேச்சு நாளுக்கு நாள் போகிறது. திகதி வரும்போது அவரால் ஒன்றும் சொல்லமுடியாமல் போனால் என்ன நடக்கும்? அந்த நெதர்லாந்து அம்மா மாதிரி ஆகிவிடுமா?

வட்டக்கச்சி ஸ்காபரோ எழுதியது:

தம்பி, ஒன்றும் சொல்லமுடியாமல் என்பதற்கு இரண்டு விதம் இருக்கிறது. பேச்சுப் போனாலும் புத்தி இருந்தால் அவர் கண்ணாலும் எழுத்துப் பலகையாலும் சொல்லலாம், கண் அசைவில் எழுதும் கணினியும் இருக்கிறது, அது அவருடைய சொல்லாகவே எடுக்கப்படும். பேச்சு முழுதும் போவதற்கு முன்னாலேயே அதைப் பழக்கத் தொடங்கவேண்டும், இந்தக் கிழமையே கேளுங்கள். மெய்ட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அவருக்கு அது தேவை. கனபேர் பேச்சுப் போய்விடும் என்ற பயத்தாலேயே அவசரப்படுகிறார்கள், அந்தப் பயம் குறைந்தால் திகதி தள்ளிப்போவதும் உண்டு.

சாதாரணமாக, ஊசி போடுவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை கேட்டு அவர் சம்மதம் சொல்லவேண்டும். வேண்டாம் என்றால் அந்த இடத்திலேயே நின்றுவிடும், காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் 2021இல் இருந்து முதலாவது பாதையில் இருப்பவர்கள், முடிவெடுக்கும் தெளிவு போய்விட்டாலும் குறித்த திகதியில் செய்யுங்கள் என்று டொக்டரோடு எழுத்தில் உடன்படலாம். அப்படி எழுதியிருந்தாலும் அந்த நேரத்தில் அவர் சொல்லாலோ சத்தத்தாலோ சைகையாலோ மறுப்புக் காட்டினால் செய்யக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. தொட்டவுடன் தன்பாட்டில் வரும் அசைவை மட்டும் மறுப்பாக எடுக்கமாட்டார்கள், அந்த இடத்தில் டொக்டரின் கண்ணைத்தான் நம்பவேண்டியிருக்கிறது.

அதனால் சித்தப்பா அப்படி ஒன்றில் உடன்பட்டிருக்கிறாரா என்று தங்கச்சியிடம் கேளுங்கள். மற்றப் படிவங்களோடு சேர்த்து அதையும் நீட்டியிருந்தால் என்னவென்று விளங்காமலே சரி சொல்லியிருக்கவும் கூடும். உடன்பட்டிருந்தால் எந்தத் திகதி போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், அடுத்த முறை மொழிபெயர்ப்பாளர் வரும்போது முதலில் அதை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டட்டும். வேண்டாம் என்று நினைத்தால் அவரே டொக்டரிடம் சொல்லி அதை விலக்கிக்கொள்ளலாம்.